சீட்டு வந்தது, தராசு வரவில்லை: கடலோரப் பந்தயக் குதிரை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குதிரை: சிவலை, காயடித்த ஆண், வயது 7, எடை 299 கிலோ. வண்டிப் பந்தயத்தில் நடுக்குதிரைப் பிரிவு. எல்கை போக 3 மைல், வர 3 மைல். வைகாசி மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார்ப்பரப்பு. எல்லைக் கோட்டைத் தாண்டியபின் 20 நிமிடமாகியும் மூச்சு இறங்கவில்லை. இடது விலாவுக்குப் பின்னால் தோல் வெட்டி வெட்டித் துடித்தது. பெய்த மூத்திரம் கடுங்காப்பி நிறம்.

ராமநாதபுரம் கடற்கரையில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளைப் படிப்பதற்காக ஒரே குதிரையின் மேல் ஏற்றித் தொகுத்த நிகழ்வு இது. ஊரும் ஆளும் அதனால்தான் சொல்லப்படவில்லை. மருந்தளவுகளும் அவற்றின் கணக்கும் மட்டும் கற்பனை அல்ல.

முந்தைய ஆறு நாள்

திங்கட்கிழமை பயிற்சி ஓட்டத்தில் இடது முன்னங்காலைத் தாங்கி வைத்தது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கம், ஊரில் ‘பின் நரம்பு’ என்று சொல்லும் தசைநாணில், கட்டைவிரல் நீளத்துக்குச் சூடும் வீக்கமும் இருந்தன. ஞாயிறு பந்தயம். நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று.

குதிரையை விற்றவரிடமிருந்து ஒரு மருந்துச் சீட்டும் கூடவே வந்திருந்தது. பெருநகரப் பந்தயத் திடலில் ஓடிய 480 கிலோ குதிரைக்கு யாரோ எப்போதோ எழுதியது. சீட்டின்படி நடந்தவை இவை:

செவ்வாய் முதல் சனி வரை, ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து, 1 கிராம் பொட்டலம், காலை 2, மாலை 2, தவிட்டில் கலந்து. சனி இரவு ஃப்ளூனிக்சின் என்ற இன்னொரு வலி மருந்து 10 மி.லி. கழுத்துத் தசையில், கூடவே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 5 மி.லி. ஞாயிறு அதிகாலை 4:30-க்கு மூத்திரம் போக்கும் ஃபுரோசிமைடு, அதாவது லாசிக்ஸ், 5 மி.லி. சிரையில். அதன்பிறகு தண்ணீர் காட்டவில்லை. வயிறு கனத்தால் ஓடாது என்பது கணக்கு.

பந்தயம் 8:30-க்கு என்று அறிவிப்பு. பெரிய மாடு, கரிச்சான் மாடு என்ற மாட்டுவண்டிப் பிரிவுகள் எல்லாம் ஓடி முடிந்து குதிரைகளை வரிசையில் நிறுத்தியபோது 10:40. வெயில் 93 டிகிரி ஃபாரன்ஹீட், காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம்.

ஒரு குறிப்பு. இந்த இரண்டு எண்ணையும் கூட்டிப் பார்ப்பது குதிரைக்காரர்கள் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம். கூட்டுத்தொகை 150-ஐத் தாண்டினால் குதிரைக்கு வேர்த்துக் குளிர்வது கடினமாகத் தொடங்குகிறது. 180-ஐத் தாண்டினால் ஓட்டவே கூடாது. அன்று 163. கடலோரத்தில் கோடை காலை 10 மணிக்கு மேல் 150-க்குக் கீழே இருக்கும் நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பந்தயம் முடிந்த இடத்தில் கண்டது

ஆசனவாய் வெப்பம் 106.4. இதயத்துடிப்பு 112, அரை மணி கழித்தும் 84. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 96. ஈறை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 4 விநாடி. 2-க்கு மேல் போகக்கூடாது. கழுத்துத் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் குடல் இரைச்சல் இல்லை.

விலாத் துடிப்பைச் சிலர் குளிர் நடுக்கம் என்றார்கள். ஒரு கையை இதயத்தின் மேலும் இன்னொரு கையை விலாவின் மேலும் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே தாளத்தில் அடித்தால் அது நடுக்கம் இல்லை. இதயத்தை ஒட்டிப் போகும் உதரவிதான நரம்பு, உப்புச் சமநிலை கெட்டுப்போனதால் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் தானும் சுண்டுகிறது. ரத்தத்தில் கால்சியமும் குளோரைடும் பொட்டாசியமும் விழுந்துவிட்டன என்று ஆய்வுக்கூடத்துக்கு முன்னதாகவே சொல்லிவிடும் அடையாளம் இது.

நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து மாலையில் வந்த எண்கள்: ரத்த அணு அடர்த்தி 58 சதவீதம், மொத்தப் புரதம் 8.6, சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினின் 3.4, குளோரைடு 88, பொட்டாசியம் 2.9, கால்சியம் 8.1 (குதிரைக்கு 11-க்கு மேல் இருக்க வேண்டும், மனித ஆய்வுக்கூடத்தின் அளவுகோலில் இது ‘சற்றே குறைவு’ என்றுதான் அச்சாகும், ஏமாறக்கூடாது). தசை நொதியான சி.பி.கே. 14,000. காப்பி நிற மூத்திரத்துக்குக் காரணம் அதுதான்: சிதைந்த தசையின் நிறமி சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது.

கையாண்ட முறை

முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஊசி. நிழலில் நிறுத்தி, சேணத்தைக் கழற்றி, கழுத்து, மார்பு, தொடை உள்பக்கம் என்று உடல் முழுக்க இடைவிடாமல் ஊற்ற வேண்டும். ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்றும் பழைய முறையில் வழிக்கும் நேரம் வீண். ஊற்றிக்கொண்டே இருப்பது வேகமாகக் குளிர்விக்கும். ஈரச்சாக்கைப் போர்த்தி விட்டுவிடுவது தவறு, அது சில நிமிடத்தில் சூடாகி வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். உப்புத் தண்ணீர் ஆகாது என்று நல்ல தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். மேலே ஊற்றக் கடல் தண்ணீரும் உவர்க்கிணற்றுத் தண்ணீரும் தாராளமாக ஆகும், குடிக்கத்தான் ஆகாது. 25 நிமிடத்தில் வெப்பம் 102.4-க்கு வந்தது.

நீரிழப்பு ஏறக்குறைய 7 சதவீதம். 299 கிலோ குதிரைக்கு 20 லிட்டருக்கு மேல். நம் மருந்துக்கடையில் குளுக்கோஸ் பாட்டில் அரை லிட்டர்தான். முதல் 10 லிட்டருக்கே 20 பாட்டில் மாட்ட வேண்டும். மாட்டுக்குப் போடும் ஊசியை வைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது. கழுத்துச் சிரையில் 14 அளவுக் குழாயைத் தைத்து நிறுத்தி, இரண்டு பாட்டிலை ஒரே நேரத்தில் இணைத்து, கூரை வளையிலிருந்து தொங்கவிட்டு மணிக்கு 4 லிட்டர் போல ஓட்டப்பட்டது.

எந்தப் பாட்டில் என்பது முக்கியம். கை பழக்கத்தில் லாக்டேட் சேர்ந்த உப்புக் கரைசலான ரிங்கர் லாக்டேட்டைத்தான் எடுக்கும். ஓடி வேர்த்துக் களைத்த குதிரை பெரும்பாலும் குளோரைடை இழந்து காரநிலைக்குப் போயிருக்கும். ஃபுரோசிமைடும் அதே திசையில்தான் தள்ளும். லாக்டேட் உடலுக்குள் பைகார்பனேட்டாக மாறும். காரம் கூடினால் வேலை செய்யும் கால்சியம் இன்னும் குறையும், விலாத் துடிப்பு நீளும். ஆகவே சாதாரண உப்புநீர். சோடா உப்பு (பைகார்பனேட்) ஊசி வேண்டவே வேண்டாம். வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் ரிங்கர் லாக்டேட்டாவது ஓடட்டும். வெறுங்கையோடு நிற்பதைவிட அது மேல்.

கால்சியத்தில்தான் உயிர் போகும். மாட்டுக்குப் பால்காய்ச்சலுக்குப் போடும் 450 மி.லி. கால்சியம் போரோகுளுக்கோனேட் பாட்டில் எல்லாத் தொழுவத்திலும் இருக்கும். அதை அப்படியே சிரையில் விட்டால் குதிரையின் இதயம் நின்றுவிடலாம். 100 மி.லி. மட்டும் எடுத்து 2 லிட்டர் உப்புநீரில் கலந்து, 40 நிமிடத்தில், இதயத்தைக் கேட்டுக்கொண்டே விடப்பட்டது. துடிப்பு சீர்கெட்டால் உடனே நிறுத்த வேண்டும். பாதிக்கு மேல் போனபோது விலாத் துடிப்பு நின்றது.

பொட்டாசியம், ஆய்வுக்கூட எண்ணும் மூத்திரமும் வந்த பிறகே. தசை சிதைந்த குதிரைக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு. ஊகத்தில் போடுவது சூதாட்டம். 10 மி.லி. பொட்டாசியம் குளோரைடு குப்பியில் 20 மில்லி ஈக்விவலன்ட் (உப்புகளை அளக்கும் அலகு). லிட்டருக்கு ஒன்று. மணிக்கு 4 லிட்டர் ஓடினால் மணிக்குக் கிலோவுக்கு 0.27, அது 0.5-ஐத் தாண்டக்கூடாது.

மாலை 5 மணிக்குக் குடல் இரைச்சல் திரும்பியது. அதன்பிறகு மூக்குக் குழாய் வழியாக, லிட்டருக்கு 6 கிராம் சமையல் உப்பும் 3 கிராம் பொட்டாசியம் குளோரைடும் கரைத்த வெதுநீர், ஒரு தடவைக்கு 4 லிட்டர். இரைச்சல் திரும்புமுன் குழாய் வழியே ஊற்றினால் குதிரை வாந்தி எடுக்காது, எடுக்கவும் முடியாது, இரைப்பை கிழியலாம்.

வலிக்கு என்ன போடுவது என்று கேட்டார்கள். எதுவும் போடவில்லை. ஐந்து நாளில் 20 கிராம் பியூட்டசோன் உள்ளே போயிருக்கிறது. வறண்ட சிறுநீரகத்துக்கு இன்னொரு வலி மருந்து கொடுப்பதைவிடக் குதிரை ஒரு இரவு வலியோடு நிற்பது நல்லது. இரைப்பைப் புண்ணுக்கு சுக்ரால்ஃபேட் 1 கிராம் மாத்திரை 6, பொடித்துக் கரைத்து, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை.

இப்படிக் களைத்த குதிரைக்கு அடுத்து வரக்கூடியது, குளம்பின் உட்சதை அழலும் குளம்பழற்சி. அதைத் தடுக்கும் வேலையில் இந்தக் கரைக்கு ஒரு வசதி உண்டு. நான்கு காலையும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை 48 முதல் 72 மணி நேரம் ஐஸில் வைக்க வேண்டும். பெரிய ஊர் மருத்துவமனையில் இது செலவான சிகிச்சை. இங்கே மீன் ஐஸ் கம்பெனியில் உடைத்த ஐஸ் எந்த நேரமும் கிடைக்கும். தடித்த பிளாஸ்டிக் உறையைக் காலில் மாட்டி, ஐஸும் தண்ணீரும் கலந்து நிரப்பி, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வெறும் ஐஸ் கட்டி காலைத் தொடும் இடத்தில் மட்டும் குளிரும். தண்ணீர் கலந்தால்தான் சுற்றிலும் குளிரும்.

எங்கே பிசகியது

ஒவ்வொரு மருந்தும் தனக்கு முந்தியதன் கேட்டை மறைத்தது. அதுதான் இந்த நிகழ்வின் சாரம்.

சீட்டில் இருந்த 2+2 பொட்டலம் முதல் நாளைக்கு மட்டுமே பொருந்தும். கிலோவுக்கு 4.4 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு இரு வேளை. 480 கிலோவுக்கு அது சரிதான். மறுநாளிலிருந்து பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற வரி சீட்டில் இல்லை, அல்லது கிழிந்துவிட்டது. 299 கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்றால் கிலோவுக்கு 13 மி.கி.க்கு மேல். முதல் நாளின் உச்ச அளவான 8.8-ஐவிட ஒன்றரை மடங்கு, அதுவும் 5 நாள். இந்த மருந்தை இரட்டித்தால் வேலை இரட்டிப்பாவதில்லை. உடலில் தங்கும் நேரம்தான் அளவு மீறி நீள்கிறது. குடல் சவ்வும் சிறுநீரக நுனியும் புண்ணாகின்றன. அதன்மேல் அதே இனத்து ஃப்ளூனிக்சின் 500 மி.கி.; வேண்டியதே 330 தான். வலி மருந்தை வலி மருந்தின் மேல் ஏற்றினால் வலி கூடுதலாகக் குறைவதில்லை, புண் கூடுகிறது. தசையில் போட்டது இன்னொரு தவறு: குதிரைக்கு ஃப்ளூனிக்சினைத் தசையில் போட்டு, அங்கே காற்றில்லா நுண்ணுயிர் பெருகித் தசையே அழுகிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு.

எடை தெரியாமல் மருந்து கொடுத்ததுதான் வேர். எடைபாலம் தேடிப் போக வேண்டாம். தையல்காரர் நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 155 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் 148 செ.மீ. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் 299 கிலோ. இரண்டு நிமிட வேலை.

ஃபுரோசிமைடு எதற்கு? முழுப்பாய்ச்சலில் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் குதிரையின் நுரையீரல் நுண்குழாய்களில் அழுத்தம் மிகுந்து வெடித்து ரத்தம் கசிவதுண்டு. மூத்திரம் போக்கி ரத்த அளவைக் குறைத்தால் அந்த அழுத்தம் சற்று இறங்கும். அமெரிக்கத் திடல்களில் பந்தயத்துக்கு 4 மணி நேரம் முன்னதாக, மேற்பார்வையில் போட்டார்கள். 4:30-க்குப் போட்டு 8:30-க்கு ஓடுவது அந்தக் கணக்குதான். இந்தச் சிவலைக்கு மூக்கில் ரத்தம் ஒருநாளும் வந்ததில்லை. சீட்டில் இருந்தது, போட்டார்கள். 450 கிலோ குதிரைக்கு அந்த 4 மணி நேரத்தில் 10 கிலோ வரை எடை இறங்கும். அவ்வளவும் தண்ணீரும் உப்பும். இங்கே கடிகாரம் 6 மணி நேரத்தைத் தாண்டியது. தண்ணீர் மறுத்தது, வேர்வை, வெயில் எல்லாம் அதன் மேலே. குதிரை வேர்வை மனித வேர்வை போல நீர்த்ததல்ல, ரத்தத்தைவிட உப்பு கூடியது.

பின் நரம்பு? அரையளவு அறுந்த கயிற்றில் வலி தெரியாமல் பாரம் ஏற்றினால் என்ன ஆகுமோ அது ஆனது. 4-ஆம் மைலில் சாரதி, “மாமா, இடது பக்கம் சாயுது” என்று பின்னால் ஓடிவந்தவரிடம் கத்தியிருக்கிறார். “ஊசி போட்டுருக்கு மாப்ள, விடு” என்று பதில் வந்தது. நிறுத்தியிருந்தால் தசைநாண் ஒருவேளை மிஞ்சியிருக்கும்.

விவாதம் வேறு, கடலோரம் வேறு

பந்தயக் குதிரைக்கு மருந்து கூடுமா என்ற சண்டை உலகெங்கும் பழையது. 1968-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை இதே ஃபினைல்பியூட்டசோனுக்காகத் தகுதி இழந்தது. 2021-இல் அதே பந்தயத்தில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டின் ரத்தத்தில் பீட்டாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது, பட்டம் பறிபோனது. அந்த டிசம்பரில் பயிற்சியின்போது குதிரை இறந்தது. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் பந்தய நாளில் ஃபுரோசிமைடு கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி என்றிருந்ததை மாற்ற 2020-இல் தேசியச் சட்டம் வந்தது. மருந்துக் கட்டுப்பாடு 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

ஒரு தரப்பு, நோயுள்ள குதிரைக்கு மருந்து மறுப்பது கொடுமை என்கிறது. மறு தரப்பு, மருந்து வேண்டிய குதிரை ஓடவே கூடாது என்கிறது. இரண்டும் முழுதாக எதிரெதிர் அல்ல. மருந்து கொடுக்கலாம், பந்தயத்துக்கு முன் அது வெளியேறக் காலம் கொடுக்க வேண்டும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் கண்டறியும் காலம் ஃபினைல்பியூட்டசோனுக்கு 7 நாள், ஃப்ளூனிக்சினுக்கு 6, அதே இனத்து மெலாக்சிகமுக்கு 3. இவை சோதனையில் பிடிபடும் காலம். மருத்துவர் இன்னும் சில நாள் கூட்டித்தான் சொல்வார். நோக்கம் நல்லதா கெட்டதா என்று சோதனை பார்ப்பதில்லை. காயத்துக்குப் போட்ட புரோகைன் பென்சிலினில் உள்ள புரோகைன் மரத்துப்போகச் செய்யும் மருந்து; அதுவும் பிடிபடும்.

ராமநாதபுரம் கரையில் இந்த விவாதத்தை அப்படியே கொண்டுவந்து வைப்பதில் பயனில்லை. திடலில் மருத்துவர், தராசு, கடிகாரம், மாதிரி எடுப்பவர், தண்டனை எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சீட்டைப் பாதுகாத்தன. இங்கே வந்தது சீட்டு மட்டும். இது முதல் தடவையும் அல்ல. பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இந்தக் கரையில் இறங்கின. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, குதிரைக்கு இங்கே சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள், பார்க்கத் தெரிந்தவர் இல்லாததால் பெரும்பாலானவை சாகின்றன என்று எழுதிவைத்தார். பயணிகள் மிகைப்படுத்துவார்கள்தான். ஆனாலும் குதிரை கப்பலேறி வந்ததும் குதிரை வளர்ப்பு அக்கரையிலேயே நின்றதும் பொய்யாகத் தோன்றவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11(1)(சி) பிரிவு, விலங்குக்குத் தீங்கான மருந்தை வேண்டுமென்றே, காரணமின்றிக் கொடுப்பதைக் குற்றம் என்கிறது. கழுகுகளைக் காப்பதற்காக டைக்ளோஃபினாக் 2006-இலும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் 2023-இலும் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. தொழுவத்து மாடத்தில் பழைய குப்பி இருந்தால் அதைக் குதிரைக்கும் போடக்கூடாது. ஆனால் கிராமப் பந்தயத்தில் ரத்தம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் பரிசுப் பணம் செலவாகியிருக்கும்.

விழாக் கமிட்டியால் செய்ய முடிந்தது வேறொன்று. ஓட்டத்துக்கு முன், ஒவ்வொரு குதிரையையும் வண்டியில் பூட்டாமல் தார்ச்சாலையில் 30 மீட்டர் போக, வர ஓட்டிப் பார்ப்பது. ஒரு பக்கக் கால் ஊன்றும்போது மட்டும் தலையைத் தூக்கினால் வெளியே. முன்னங்கால்களின் பின் நரம்பைத் தூக்கிப் பிடித்து விரலால் அழுத்திப் பார்ப்பது. வலி ஊசி போட்ட குதிரை ஓடிக் காட்டிவிடும், ஆனால் வீங்கிய நரம்பை எந்த ஊசியும் ஒரே இரவில் மெலிய வைக்காது. அதனால் கைதான் நம்பகம். ஓட்டம் முடிந்து 20-ஆம் நிமிடம் நாடி. நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் 64-க்கு இறங்காத குதிரை எவ்வளவு முந்தி வந்தாலும் கணக்கில் சேராது. இங்கேயும் பரிசை நாடியோடு கட்டிவிட்டால், தண்ணீர் காட்டாமல் மூத்திர ஊசி போட்டு ஓட்டுவது தோற்கும் வழியாகிவிடும். இதயத்தைக் கேட்க ஒரு கேட்பிக் குழல் (ஸ்டெதாஸ்கோப்), ஒரு கடிகாரம், ஒரு கால்நடை மருத்துவர். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். கமிட்டிகள் முதலில் முனகும்.

பின் தொடர்ச்சி

இரண்டாம் நாள் மூத்திரம் தெளிந்தது. மூன்றாம் நாள் சாணம் இளகி, புரதம் 8.6-இலிருந்து 5-க்கு இறங்கியது. நீர் ஏற்றியதால் மட்டும் இவ்வளவு இறங்காது. பியூட்டசோன் புண்ணாக்கிய பெருங்குடல் வழியாகப் புரதம் கசிகிறது. வைக்கோலைக் குறைத்து, கொள்ளு கொடுப்பதை நிறுத்தி, ஊறவைத்த அரிசித் தவிடும் பசும்புல்லும் சிறுசிறு பங்காக நாளுக்கு ஆறு வேளை. புரதம் நிமிர மூன்று வாரம் ஆனது. கிரியேட்டினின் 2.1-இல் நின்றுவிட்டது. சிறுநீரகத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை என்று அதற்குப் பொருள்.

நான்காம் வாரத்து ஸ்கேனில் தசைநாணின் நடுவே கறுப்புத் துளை, குறுக்குவெட்டில் மூன்றில் ஒரு பங்கு. 9 முதல் 12 மாதம் நடை மட்டும். அதுவும் முதல் மாதம் நாளுக்கு 10 நிமிடம், கையில் பிடித்து. அதன்பிறகும் ஆறு மைல் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

தொழுவத்தில் மிச்சம் 10 பியூட்டசோன் பொட்டலம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கறவை மாட்டுக்கு மடிவீக்கத்துக்குக் கொடுக்கலாமா என்று கேள்வி வந்தது. பாலில் இறங்கும், குடிப்பவரின் எலும்பு மச்சையைக் கெடுக்கக்கூடியது, கூடாது என்று சொல்லிப் பொட்டலங்கள் வாங்கி அழிக்கப்பட்டன. சீட்டைக் கேட்டபோது, அதை வேறொரு குதிரைக்காரர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள்.